தொண்டையிலிருந்து தோள்வரை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னை மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் தரை காய்வதே இல்லை. நனைந்த குடையும் இருமலுமாக வரிசை வாசல்வரை நீள்கிறது. அந்த வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் நீண்ட பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தெடுக்கிறார் லேப் டெக்னீஷியன். இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சிறு குழாய்க்குள் அதைப் போட்டு, மிச்சக் குச்சியை ஒடித்துவிட்டு, மூடியைத் திருகுகிறார். குழாயின் மேல் ஒரு எண், வயது, தேதி. ஐஸ் பெட்டி மூடப்படுகிறது.

ஃபுளூ தடுப்பூசியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதென்றால் காய்ச்சலில் கண் சிவந்த அந்த மனிதரின் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது போய்ச் சேரவேண்டிய இடம் ஒரு தோள். நாள் முழுக்க அப்படிப்பட்ட இருமல்களுக்கு எதிரே நிற்கும் நர்ஸின் தோள், கேஷுவாலிட்டி டாக்டரின் தோள், நோயாளி துப்பிய கோப்பையைக் கழுவி வைக்கும் ஆயாம்மாவின் தோள். தொண்டைக்கும் தோளுக்கும் நடுவே இந்தச் சரக்கு பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு வருகிறது. சுற்றி வந்த பிறகு, வார்டுக்கு இருபதடி தூரத்தில் இருக்கும் ஃபிரிட்ஜில் நின்றுபோய்விடுகிறது. அந்த இருபதடிதான் என் மனதை அரிக்கிறது.

தமிழ்நாட்டில் எடுக்கும் மாதிரிகள் பல இடங்களுக்குப் போகும். அவற்றில் பழையது கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட். பெரியம்மைக்குக் குத்தும் நிணநீர் தயாரிக்க 1899இல் தொடங்கிய நிலையம் அது. 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று ஊரே நடுங்கியபோது சோதனை முடிவுக்காக எல்லோரும் காத்திருந்ததும் அங்கேதான். நாட்டளவில் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் இன்ஃபுளூயன்சா மையமாக இருக்கிறது. அதைப் போன்ற மையங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளன. 1952இல் உலக சுகாதார நிறுவனம் கட்டிய வலை இது. தங்களிடம் சிக்கிய வைரஸ்களில் வேறுபட்டுத் தெரிகிறவற்றை இம்மையங்கள் லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் நகரங்களிலுள்ள பெரிய கூடங்களுக்கு அனுப்பிவைக்கின்றன.

எதற்கு இத்தனை அலைச்சல்? அம்மைத் தடுப்பூசியை ஒருமுறை கண்டுபிடித்தார்கள், அதுவே கடைசிவரை வேலை செய்தது. ஃபுளூ வைரஸ் அப்படி அடங்காது. தன் மேற்புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகும். அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிஸும், பின்னால் போலியோ தடுப்பூசியால் பேர்பெற்ற ஜோனஸ் சால்க்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களுக்காக ஃபுளூ தடுப்பூசி செய்தார்கள். நன்றாகவே வேலை செய்த அந்த ஊசி 1947இல் கைவிட்டது. ஊசியில் குறை எதுவும் இல்லை. வைரஸ் உரு மாறியிருந்தது. உலகம் முழுக்க ஆள் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அடியில் வலுத்தது.

அந்த வலையின் ஒரு முடிச்சு நம் நீலகிரியிலும் இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இந்திய அரசின் இன்ஃபுளூயன்சா மையம் செயல்பட்டு வந்தது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். ஆசிய ஃபுளூ என்று பிறகு பெயர் பெற்ற கொள்ளைநோய் இந்தியாவுக்குள் காலெடுத்து வைத்தது அந்த வழியாகத்தான். பன்னிரண்டு வாரத்துக்குள் நாட்டில் ஒரு மாநிலம் மிச்சமில்லை. அடுத்த பிப்ரவரிக்குள் அரசுக் கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். கணக்கில் ஏறாமல் கஷாயம் குடித்துப் படுத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேரோ.

பெரிய கூடங்களுக்குப் போன வைரஸ் அங்கே ஒரு விலங்கைச் சந்திக்கிறது. ஃபெரெட் என்று பெயர். கீரியைப் போல நீண்ட உடம்பு, மெல்லிய முகம். 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் ஃபுளூ வந்த மனிதரின் தொண்டை கொப்பளித்த நீரை ஃபெரெட்டின் மூக்கில் விட்டார்கள். அது தும்மியது, மூக்கொழுகியது, காய்ச்சலில் சுருண்டது. மனிதரைத் தாக்கும் ஃபுளூவுக்குக் காரணம் வைரஸ்தான் என்று அதனால் நிலைநாட்ட முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வில் ஒரு நோயுற்ற ஃபெரெட் ஆராய்ச்சியாளர் ஒருவரின் முகத்தில் தும்மிவிட, அவரும் ஃபுளூவில் படுத்தார். நோயைக் கவனிக்கப் போனவரை நோய் பிடித்துக்கொள்ளும் கதை, இந்தத் தடுப்பூசியின் பிள்ளைப் பருவத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

இன்றும் ஃபெரெட் வேலையில் இருக்கிறது. ஒரு வைரஸை அதற்குக் கொடுத்து, உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சீரத்தை எடுத்து, புதிதாக வந்த வைரஸை அது அடையாளம் காண்கிறதா என்று பார்க்கிறார்கள். காணத் தவறினால், பழைய ஊசி இனி உதவாது என்று பொருள். இந்த முடிவுகளையும் மரபணு வரிசைகளையும் விரித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இருமுறை நிபுணர்கள் கூடுகிறார்கள். வடகோளத்தின் குளிர்காலத்துக்காகப் பிப்ரவரியில், தென்கோளத்துக்காகச் செப்டம்பரில். அடுத்த பருவத்தில் எது பரவும் என்று ஆறேழு மாதம் முன்னதாகவே கணித்துச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளில் கணிப்பு தப்பிவிடுவதில் வியப்பில்லை.

இந்தக் கூட்டங்களில் எடுத்த ஒரு முடிவை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதுண்டு. ஊசியில் பல ஆண்டுகளாக நான்கு வகை வைரஸ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, ஜப்பானிய ஊரின் பெயரைத் தாங்கிய பி/யமகாட்டா. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் யாருடைய தொண்டையிலும் அது இருந்ததாக உறுதியாகவில்லை. கோவிட் காலத்தில் எல்லோரும் முகத்தை மூடி, கைகழுவி, கூட்டம் தவிர்த்ததில் அது அற்றுப்போயிருக்கலாம் என்பது பலரின் கருத்து. 2023 செப்டம்பரில், இனி அதை ஊசியில் சேர்க்கத் தேவையில்லை என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. நாலு மூன்றாயிற்று.

அடுத்து முட்டை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மக்ஃபார்லேன் பர்னெட் 1930களில் கோழிக்கருவில் ஃபுளூ வைரஸை வளர்க்கும் வழியைச் செம்மைப்படுத்தினார். இன்றுவரை உலகின் ஃபுளூ ஊசிகளில் பெரும்பங்கு அந்த வழியில்தான் வருகிறது. நம் ஊரில் அடைவைத்த பெண்கள் முட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கரு ஓடுகிறதா என்று பார்த்துக் கூமுட்டையை ஒதுக்குவார்கள். தொழிற்சாலையிலும் அதையேதான் விளக்கொளியில் செய்கிறார்கள். பத்துப் பதினொரு நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் நுண்துளையிட்டு, கருவைச் சூழ்ந்த நீர்ப்பைக்குள் வைரஸைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். வைரஸ் அந்த நீரில் கோடிக்கணக்காகப் பெருகுகிறது. பிறகு முட்டையைக் குளிரவைத்து, மேலோட்டைச் சீவி, நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஊசியிலிருக்கும் ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய ஒரு முட்டை வேண்டியிருக்கும்.

1957இல் மாரிஸ் ஹில்மேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹாங்காங்கில் மக்கள் காய்ச்சலோடு கூட்டம் கூட்டமாக நிற்கும் செய்தியைப் பத்திரிகையில் படித்த மாத்திரத்தில் இது புது வைரஸ் என்று ஊகித்தார். தொண்டை மாதிரிகளை வரவழைத்து உறுதியும் செய்துகொண்டார். அடுத்து அவர் கவலைப்பட்டது சேவல்களைப் பற்றி. குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்தால் பண்ணைக்காரர்கள் சேவல்களை அறுத்துவிடுவார்கள். சேவல் இல்லாவிட்டால் கருமுட்டை ஏது, ஊசி ஏது? சேவல்களைக் கொல்லாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இலையுதிர்காலத்துக்குள் கோடிக்கணக்கில் ஊசிகள் தயாராயின. ஒரு கொள்ளைநோயின் கணக்கில் சேவலின் கழுத்தும் சேர்ந்திருக்கிறது என்று கண்டுகொண்ட அந்த மனிதர் மேல் எனக்குத் தீராத மரியாதை.

தொண்டையிலிருந்து வந்த வைரஸ் எல்லாமும் முட்டையில் சரியாக வளர்ந்துவிடாது. எட்வின் கில்பர்ன் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு வழி கண்டார். 1934இல் புவெர்ட்டோ ரிக்கோவில் பிடிபட்ட ஒரு பழைய வைரஸ் முட்டையில் அமோகமாக விளையும். அதையும் புதிய வைரஸையும் ஒரே முட்டையில் சேர்த்துவிட்டால் மரபணுத் துண்டுகள் கலந்து, புதியதன் மேலுடையும் பழையதன் விளைச்சலும் கொண்ட கலப்பினம் பிறக்கிறது. 1970களின் தொடக்கத்திலிருந்து இந்தக் கலப்பினங்கள் ஊசிக்குள் வந்தன. இதில் ஓர் இடர் இன்னும் தீரவில்லை. முட்டைக்குள் வளர வளர, வைரஸ் முட்டைக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. எச்3என்2 என்ற ஃபுளூ வகையில் இந்தத் தொல்லை அதிகம். சில பருவங்களில் ஊசியின் பலன் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வளர்ந்த வைரஸை வேதிப்பொருளால் கொன்று, உடைத்து, வேகமாகச் சுழற்றிப் பிரித்து, வகைக்கு 15 மைக்ரோகிராம் மேற்புரதம் என்று அளந்து அடைக்கிறார்கள். மொத்தம் அரை மில்லி. தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்கு. "ஊசி போட்டேன், ஃபுளூவே வந்துடுச்சு" என்று மருத்துவமனைக் கேன்டீன்களில் கேட்கும் பேச்சுக்கு இங்கேயே பதில் இருக்கிறது. செத்து, துண்டு துண்டாகிப்போன வைரஸால் ஃபுளூவை உண்டாக்க முடியாது. கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கொஞ்சம் கனக்கும். மழைக்காலத்தில் வேறு பத்து சளி வைரஸ்கள் சுற்றுவதால், அவற்றில் ஒன்று அதே வாரத்தில் பிடித்தாலும் பழி ஊசியின் மேல்தான் விழும்.

இனிப் பயணம் முழுக்கக் குளிரில். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்வரை. அதற்கு மேலும் கூடாது, உறைந்துபோகவும் கூடாது. விமானம், கிடங்கு, ஏசி வண்டி, மருந்தகத்தின் ஃபிரிட்ஜ், கடைசியில் நீலநிற வேக்சின் கேரியர். ஃபிரிட்ஜின் கதவுத்தட்டில் வைக்கக்கூடாது, ஃபிரீஸரை ஒட்டி வைக்கக்கூடாது, காலையும் மாலையும் வெப்பநிலையை நோட்டில் குறிக்க வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்கக்கூடாது. இதையெல்லாம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் ஃபார்மசிஸ்டுகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

இப்போது அந்த இருபதடி.

என் சித்தி முப்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். ஒரு கார்த்திகை மாதத்தில் உடம்பு கொதிக்கக் கொதிக்க நைட் டூட்டிக்குக் கிளம்பினார். பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டினார். "இந்தக் காய்ச்சலோட எதுக்குச் சித்தி?" என்றேன். "நான் லீவு போட்டா, நேத்து நைட் பார்த்தவளே இன்னிக்கும் நிக்கணும்டா. அவளுக்குக் கைக்குழந்தை இருக்கு" என்றார். அன்று அவர் போனது சிறுநீரக வார்டுக்கு. டயாலிசிஸ் செய்துகொள்ளும், எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோன மனிதர்கள் படுத்திருக்கும் இடம். அவர் அன்பினால்தான் போனார். அந்த அன்போடு கூட என்ன போயிற்று என்று எனக்கு அன்று தெரியாது, அவரும் யோசித்திருக்க மாட்டார்.

காய்ச்சலோடு போனவராவது தனக்கு நோய் என்று அறிந்து போனார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனைப் பணியாளர்கள் 518 பேரின் இரத்தத்தை 1993–94 குளிர்காலத்தில் சோதித்தார்கள். அவர்களில் 120 பேருக்கு அந்தப் பருவத்தில் ஃபுளூ தொற்றியதற்கான தடயம் இருந்தது. கேட்டுப் பார்த்தால், அந்த 120 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபுளூ வந்த நினைவே இல்லை. நாலில் ஒருவருக்கு மேல் சளி பிடித்த ஞாபகம்கூட இல்லை. பாதிப்பேர் ஒருநாளும் லீவு எடுக்கவில்லை. காய்ச்சல் தெரிவதற்கு ஒருநாள் முன்பே ஃபுளூ வைரஸ் பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், "எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்ற வார்த்தையை வார்டுக்குள் எவ்வளவு நம்பலாம் என்று விளங்கும்.

பணியாளர்களுக்கு ஊசி போட்டால் நோயாளிகள் பிழைக்கிறார்களா? இதற்கும் ஸ்காட்லாந்திலேயே விடை தேடினார்கள். முதியோரை நெடுநாள் வைத்துப் பராமரிக்கும் 20 மருத்துவமனைகளில் பாதியில் பணியாளர்களுக்கு ஊசியை முன்வந்து கொடுத்தார்கள், பாதிப்பேர் போட்டுக்கொண்டார்கள். மற்றவற்றில் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். 2000இல் வெளியான முடிவின்படி, ஊசி கொடுத்த இடங்களில் அந்தக் குளிர்காலத்தில் இறந்த முதியோர் 13.6 விழுக்காடு, மற்ற இடங்களில் 22.4 விழுக்காடு. இந்த வேறுபாடு முழுவதும் ஃபுளூவைத் தடுத்ததால் வந்ததுதானா என்று பின்னால் கடுமையாகக் கேள்வி எழுப்பியவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஊசி எஃகுக் கவசம் கிடையாது. வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டிலும், டாக்டரைத் தேடிப் போகவைக்கும் அளவுக்கான ஃபுளூவை நூற்றுக்கு 40 முதல் 60வரைதான் தடுக்கிறது. பாதிப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்களை டயாலிசிஸ் வார்டில் ஓர் இரவு உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். அங்கே பாதி என்பது சின்ன விஷயம் இல்லை.

ஊசி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. முகக்கவசம், ஒவ்வொரு படுக்கைக்கும் இடையில் கைகழுவுதல், இருமும் நோயாளியைத் தள்ளிப் படுக்கவைக்க இடம், காற்று ஓடும் ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல் வந்த நர்ஸ் குற்றவுணர்ச்சி இல்லாமல் லீவு எடுக்க அவருக்குப் பதிலாக நிற்க ஓர் ஆள். சித்திக்கு அந்த ஆள் இருந்ததில்லை.

போட்டுக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வெர்ஜீனியா மேசன் மருத்துவ மையம் 2005இல் வேலை செய்வோர் அனைவருக்கும் ஊசியைக் கட்டாயமாக்கியது. நர்ஸ்கள் சங்கம் வழக்குப் போட்டது. முதல் ஆண்டிலேயே 97.6 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டார்கள்; மறுத்தவர்கள் பருவம் முழுக்க முகக்கவசம் அணிந்தார்கள். நம் ஊரில் சண்டை அந்த இடத்துக்கே வரவில்லை. இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைக்கும் வழிகாட்டுதல் உண்டு; குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளைப் போல் வீடுதேடி வரும் திட்டம் கிடையாது. நாலு வகை இருந்த காலத்தில் இந்த ஊசியின் கடை விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளர் அதைத் தன் கைக்காசில் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

எப்போது போடுவது என்பதும் இங்கே தனிக்கதை. இந்தியாவின் பல நகரங்களில் மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்ரீநகரில் ஃபுளூ ஜனவரியிலிருந்து மார்ச்வரை உச்சம் தொட்டது. டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். அதாவது நம் வடகிழக்குப் பருவமழை. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி எழ இரண்டு வாரம் ஆகும். வடகோளத்துக்கான புதிய சரக்கு செப்டம்பர் வாக்கில்தான் வரத் தொடங்கும். டெண்டர், கையெழுத்து, பங்கீடு என்று இழுத்து வார்டுக்கு வருவதற்குள் தீபாவளி மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலேயே கிடைக்கும் தென்கோளச் சரக்கையாவது ஆவணிக்குள் போட்டு முடிப்பது நமக்குச் சரியாக வரும் என்பது என் எண்ணம். ஐரோப்பாவின் பனியைப் பார்த்து நம் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

போன வருடம் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் சில இரவுகள் தங்கியிருந்தேன். மழை இன்னும் தொடங்காத புரட்டாசி. நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி இருக்கும். தொற்றுத்தடுப்புப் பிரிவின் சிஸ்டர் ஒருவர் நீலக் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். பகலில் மீட்டிங் ஹாலில் முகாம் போட்டால் நைட் டூட்டிக்காரர்கள் வருவதில்லை, அதனால் வார்டு வார்டாக நானே வருகிறேன் என்று டூட்டி நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் இருவருக்கும் போட்டார். தூக்கக் கலக்கத்தில் இருந்த பயிற்சி டாக்டரை எழுப்பிப் போட்டார். பிறகு, மாப்பும் வாளியுமாக ஓரமாய்ப் போய்க்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"மல்லிகாக்கா, இங்க வாங்க."

"நமக்கெல்லாமா சிஸ்டர்? டாக்டருங்களுக்குப் போட்டு மிஞ்சினதா?"

"மிஞ்சினது இல்லக்கா. உங்க பேர் போட்டு வந்தது." லிஸ்டைத் திருப்பி அவர் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

அந்தப் பெண் லிஸ்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் கைல போடட்டும்?"

"இடது கைல போடுங்க சிஸ்டர். பெருக்கற கை வலி எடுத்தா வேலை ஓடாது."

கேரியரைத் திறந்தபோது குளிர்ந்த காற்று லேசாக வந்தது. சிஸ்டர் ஜாக்கெட் கையை மேலேற்றி, பஞ்சால் துடைத்து, ஊசியைச் செருகி, அரை மில்லியையும் மெதுவாகச் செலுத்தினார். பத்து நிமிஷம் அந்த ஸ்டூலில் உட்காருங்க என்றார். மல்லிகாக்கா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஐந்து நிமிஷம்தான் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் படுக்கைத் தாத்தா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்.